ஆயிரம் கார்டு, பெயர் மட்டும் இல்லை

ரிக்கௌர்த்தே பேட்டையில் தடுக்கி விழுந்தால் அச்சகம். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிப்படிக்குக் கீழே என் மேஜை. குனிந்துதான் உள்ளே வர வேண்டும். வருகிறவர்கள் கம்ப்யூட்டரில் ஏதோ வரைந்து கொண்டுவருவார்கள். அதை அச்சுக்குப் போகிற மாதிரி ஆக்கித் தருவது என் தொழில். ஓரத்தில் வண்ணத்தை மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்க மாட்டார்கள். வெட்டும்போது கத்தி துளி நகர்ந்தால் வெள்ளைக்கோடு பல்லிளிக்கும். போன் நம்பரை விளிம்போடு ஒட்டி வைத்திருப்பார்கள்; கடைசி இலக்கம் குப்பைக்கூடைக்குப் போகும். நான் திட்டுவேன், திருத்துவேன், மறுபடியும் திட்டுவேன். "யாமிலே கை பட்ட ஃபைல் திரும்பி வராது" என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியதில் பாதிக்கு மேல் நான்தான்.

அந்தப் பெருமைக்குத்தான் அந்த வாரம் சரியான அடி விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் கனமான கருவிப்பை, நகக்கண்ணில் கிரீஸ்.

"விசிட்டிங் கார்டு வேணும். வியாழக்கிழமைக்குள்ள."

"எல்லாரும் நேத்தே வேணும்னுதான் வர்றாங்க, மகளே. உனக்கு என்ன தலை போற அவசரம்?"

"லிஃப்ட் மெக்கானிக் நான். வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு சபினெரோ பகுதி அடுக்குமாடி நிர்வாகிங்க எல்லாரும் கூடுறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவைதான். எந்த லிஃப்ட்டை யார் பாத்துக்கிறதுன்னு அப்புறம் முடிவு பண்ணுவாங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷம் பேசலாம்."

"பேசு. கார்டு எதுக்கு?"

"ரெண்டு நிமிஷத்துல என் மூஞ்சியை யாரு ஞாபகம் வச்சுக்குவா? கார்டுதானே அவங்களோட வீட்டுக்குப் போகும்." கருவிப்பையைக் கீழே இறக்கி வைத்தாள். "பன்னெண்டு வருஷம் இன்ஜினியர் பர்ரகான் கிட்ட வேலை பாத்தேன். லிஃப்ட் குழியில இறங்குறது நான், ரிப்போர்ட்ல வர்ற பேரு அவரோடது. போன மாசம் விட்டுட்டு வந்துட்டேன். என் பேரு இதுவரைக்கும் எதுலயுமே அச்சாகி வந்ததில்ல."

"அந்த மனுஷன் ஒரு தடவை கூட குழியில இறங்கலையா?"

"கோட்டு அழுக்காயிடுமே!"

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "உன் பேரு என்ன தாயி?" என்றேன். ரூபியெலா சோகோந்தா. சொல்லும்போதே நிறைவாக இருந்தது. வெள்ளைக் கார்டில் அந்தப் பெயரை மட்டும் பெரிதாக, கறுப்பில் வைத்தேன். மாதிரிக்கு ஒன்று எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பெயரின் மேல் அவள் கட்டைவிரல் அச்சு அப்படியே கறையாக விழுந்திருந்தது.

"பாத்தீங்களா? என் கையில வெள்ளை எங்க நிக்கும்?" என்றாள். "வேலை முடிச்ச கையோடதானே குடுப்பேன்."

நியாயந்தான். பத்து வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், கார்டைக் கொடுக்கப்போகிற கை எப்படிப்பட்டது என்று யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பின்னணியை ஆழ்ந்த நீலமாக மாற்றினேன்.

செவ்வாய்க்கிழமை என்றால் எவேலியோவின் பிளேட் நாள். அவர் அச்சகத்தில் இருபத்துநான்கு பேருடைய கார்டை ஒரே பிளேட்டில், அதாவது ஒரே அச்சுத்தகட்டில், அடுக்கி அடிப்பார். செலவு பங்காகிப் போகும், எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும். காலை பதினொரு மணிக்குப் பிளேட்டை மூடுவார். அப்புறம் போப்பாண்டவரே நேரில் வந்தாலும் அடுத்த வாரம்தான். மணி பத்து ஐம்பது. கறுப்பாக இருந்த பெயரை வெள்ளையாக்கினேன். அதற்குக் கீழே 'லிஃப்ட் பழுது, பராமரிப்பு' என்பதையும் போன் நம்பரையும் புதிதாக வெள்ளையில் அடித்தேன். ஓரம் சரி, அளவு சரி, வண்ணம் சரி. திரையில் ராஜா மாதிரி இருந்தது. அனுப்பினேன்.

புதன்கிழமை மதியம் எவேலியோவின் கடையிலேயே பொட்டலத்தைப் பிரித்தேன். அழகான நீலம். லிஃப்ட் பழுது, பராமரிப்பு. போன் நம்பர். அதற்கு மேலே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் நீலம். பைத்தியக்காரி மாதிரி கார்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியிலிருந்து இன்னொன்றை உருவினேன். ஆயிரமும் அப்படித்தான்.

"டோன் எவேலியோ! பேரு எங்க?"

"நீ அனுப்பினதுதான் வந்திருக்கு, ராணி. யாமிலே கை பட்ட ஃபைலாச்சே, நான் எதுக்குத் தொட்டுப் பாக்கணும்?"

மேஜைக்கு ஓடிவந்து ஃபைலைத் திறந்தேன். ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. கறுப்பு எழுத்துக்கு ஒரு கட்டளை கொடுப்போம்: கீழே இருக்கிற வண்ணத்தை எழுத்து வடிவில் வெட்டி எடுக்காதே, அதன் மேலேயே அடி. கறுப்புக்கு அது நல்லது. எழுத்தைச் சுற்றி இடைவெளி தெரியாது. ஆனால் அச்சில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. வெள்ளை என்றால் மை படாத காகிதம். பெயரை வெள்ளையாக மாற்றிய நான் அந்தப் பழைய கட்டளையை எடுக்க மறந்துவிட்டேன். 'நீலத்தை வெட்டாதே, மேலே ஒன்றும் அடிக்காதே' என்றாகிவிட்டது. எந்திரம் சொன்னபடி கேட்டது. புதிதாக அடித்த வரிகளில் அந்தக் கட்டளை இல்லை, அவை பிழைத்துக்கொண்டன. திரையில் எல்லாம் தெரியும், பிளேட்டில்தான் மாயமாகும். இதே தப்புக்காக எத்தனை பேரை ஊரைக் கூட்டித் திட்டியிருக்கிறேன்!

மறுபடி அடிக்கலாமா? தேர்தல் மாதம். ரிக்கௌர்த்தேயில் இருக்கிற அத்தனை எந்திரமும் வேட்பாளர்களின் சிரிக்கிற மூஞ்சியை இராப்பகலாக அடித்துக்கொண்டிருந்தது. ஏழு அச்சகம் ஏறி இறங்கினேன். "அடுத்த திங்கள்" என்றார்கள், "அடுத்த புதன்" என்றார்கள், ஒருவன் "செனட்டர் ஜெயிச்சதுக்கப்புறம்" என்று இளித்தான். அவனுடைய செனட்டர் நாசமாய்ப் போக.

வேறு வழியில்லை. ரூபியெலாவைக் கூப்பிட்டேன். மழையில் நனைந்தபடி வந்தாள். கார்டை நீட்டினேன்.

"தப்பு என்னோடது. முழுக்க என்னோடது. யாரையும் சொல்லிப் பிரயோஜனமில்ல" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலாம். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"பரவால்ல, எனக்குப் பழக்கந்தான். வேலை இருக்கும், பேரு இருக்காது. பன்னெண்டு வருஷமா இதான நடக்குது?"

அந்தச் சிரிப்பு என்னை அறைந்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "பரவால்லயாவது மண்ணாவது! வா! மை இல்லாட்டி என்ன, வேற வழியில உன் பேரு இதுல ஏறும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

மூன்று கடை தள்ளி இசையாஸ் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகைகளில் பளபளக்கும் எழுத்துப் பதிக்கிறவர். பெயரை உலோகக் கட்டையில் செதுக்கி, அதைச் சூடாக்கி, இடையில் தாள் போல மெல்லிய வெள்ளித் தகடு வைத்து அழுத்தினால் எழுத்து அட்டையில் இறங்கி உட்காரும். அதற்கு மை வேண்டாம், எவேலியோ வேண்டாம், செனட்டரும் வேண்டாம். போகிற வழியிலேயே, கட்டையைக் காலைக்குள் செதுக்க இன்னொருவனிடம் கெஞ்சிச் சொல்லிவிட்டேன். ஆனால் இசையாஸ் கையை விரித்தார்.

"மெஷின் சூடாக மாட்டேங்குது, யாமிலே. ரெண்டு நாளாச்சு. ரிப்பேர்காரன் வெள்ளிக்கிழமைதான் வருவானாம்."

"வெள்ளிக்கிழமை வந்து என்னத்தக் கிழிக்க?" என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் ரூபியெலா எந்திரத்துக்குப் பின்னால் மண்டி போட்டுவிட்டாள்.

"மெயின் ஸ்விட்சை அணைங்க. டார்ச் இருக்கா?"

"ஏம்மா, இது லிஃப்ட் இல்ல" என்றார் இசையாஸ்.

"கரண்ட் வரணும், சூடாகணும், அளவோட நிக்கணும். லிஃப்ட்டுல ஆளு விழுந்து சாவான், இங்க விரல் சுடும். அவ்வளவுதான வித்தியாசம்? நீங்க டார்ச்சைப் பிடிங்க."

மூடியைக் கழற்றினாள். மோந்து பார்த்தாள். கருகிப்போன ஒரு சின்ன ரிலே சுவிட்சைப் பிடுங்கி இசையாஸின் உள்ளங்கையில் வைத்தாள். "உங்க வியாதி இதான்." தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பொருத்தி, மெயின் ஸ்விட்சைப் போடச் சொன்னாள். கால் மணி நேரத்தில் கட்டை வைக்கும் தட்டின் மேல் அவர் எச்சில் தொட்ட விரலை வைத்தார்; சுர்ரென்றது.

"அடி ஆத்தீ!" என்றார் இசையாஸ். "உனக்கு எவ்வளவு தரணும்மா?"

"என் பேரைப் பதிச்சுக் குடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலை கட்டை வந்தது. நான் நீலக் கார்டை வைத்தேன், இசையாஸ் வெள்ளித் தகட்டை இழுத்துவிட்டார், கைப்பிடியை அவளையே இறக்கச் சொன்னேன். அழுத்தினாள். மூன்று எண்ணினோம். தகட்டை உரித்ததும், ஆழ்ந்த நீலத்தில் வெள்ளிப் பெயர். ரூபியெலா சோகோந்தா. எழுத்து அட்டைக்குள் இறங்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் படிக்கலாம். சும்மா சொல்லக்கூடாது, நான் வடிவமைத்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அவள் கைப்பிடியை விடாமல் மறு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மதியத்துக்குள் முந்நூறு கார்டு. இசையாஸ் சூடான சாக்லெட் பானமும் அதில் முக்கித் தின்னச் சீஸும் வாங்கிக் கொடுத்தார்; அந்த மனுஷன் காசு எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்துக்கு நானும் போனேன். போகாமல் எப்படி? அறுபது நிர்வாகிகள், எட்டு லிஃப்ட் கம்பெனி. இன்ஜினியர் பர்ரகான் கோட்டும் வாசனையுமாக வந்து, தங்கநிறக் கார்டை எல்லோருக்கும் நீட்டினார். முப்பது வருட அனுபவம் என்றார், ஜெர்மனி என்றார், தரம் என்றார். ரெண்டு நிமிஷம் முடிந்து மணி அடித்த பிறகும் பேசினார்.

ரூபியெலா மேடையில் போய் நின்றாள். "ஒசே மாரியா கட்டடத்துல ரெண்டாவது லிஃப்ட் நாலாம் மாடியில உதறுமே, அதைச் சரி பண்ணது நான். லாஸ் அகாசியாஸ்ல வெள்ளம் புகுந்தப்ப குழியில இறங்கி மோட்டாரைக் காப்பாத்தினது நான். இங்க இருக்கிற இருபத்தோரு கட்டடத்து லிஃப்ட்டுல என் கை பட்டிருக்கு. எதுக்கு எப்ப கயிறு மாத்தணும்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான்." ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. இறங்கி வரிசை வரிசையாகக் கார்டைக் கொடுத்தாள்.

மூன்றாம் வரிசையில் டோன்யா லியோனோர் என்ற நிர்வாகி கார்டை வாங்கி, கட்டைவிரலால் எழுத்தை மெல்லத் தடவினார்.

"எட்டு வருஷமா என் கட்டடத்துக்கு நீதானம்மா வர்ற! ஒவ்வொரு தடவையும் 'அந்தப் பொண்ணை அனுப்புங்க, வேற யாரும் வேண்டாம்'னுதான் போன் பண்ணுவேன். உன் பேரைக் கேட்டா அங்க யாரும் சொல்ல மாட்டாங்க." பிறகு மண்டபமே கேட்கும்படி சத்தம் போட்டார். "ரூபியெலா சோகோந்தா! இனிமே நான் நேரா உனக்கே பண்றேன்."

"எனக்கும் ஒண்ணு குடும்மா" என்றார் பின்வரிசைக்காரர். "இங்க ரெண்டு!" என்றது இன்னொரு குரல். பர்ரகான் எழுந்து வந்து, "ரூபி, இதெல்லாம் என்ன விளையாட்டு?" என்றார்.

"விளையாட்டு இல்ல, இன்ஜினியர். கார்டு. நீங்களும் ஒண்ணு வச்சுக்குங்க."

கூட்டம் கலைந்தது. நான் நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து தேடிக்கொண்டு போனேன். கார்டு செய்கிறவளுக்குப் பரீட்சை கூட்டத்தில் இல்லை, கூட்டம் முடிந்த பிறகு நாற்காலியில் இருக்கிறது. தங்கநிறக் கார்டு பன்னிரண்டு கிடந்தது, ஒன்று காபி தம்ளருக்கு அடியில். பச்சை கிடந்தது, சிவப்பு கிடந்தது.

"என்ன தேடுறீங்க?" என்றாள் ரூபியெலா.

"கிடைக்கக் கூடாதுன்னு தேடுறேன்டி."

நீலம் ஒன்று கூட இல்லை. பர்ரகான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலும் இல்லை. அவரும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். நடு மண்டபத்தில் நின்று நான் கத்திய கத்தலில் காவல்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கென்ன வெட்கம்? ஜெயித்தவளுக்கு வெட்கம் எதற்கு?

அப்போது அவள் போன் அடித்தது. பன்னிரண்டு வருடமாக அவள் எந்த போனை எடுத்தாலும் 'இன்ஜினியர் பர்ரகான் ஆபீஸ்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். வாய் பழக்கத்தில் "இன்ஜி..." என்று தொடங்கிவிட்டாள். நிறுத்தினாள். நிமிர்ந்து நின்றாள்.

"ரூபியெலா சோகோந்தா பேசுறேன்" என்றாள். "சொல்லுங்க, எந்த மாடியில நிக்குது?"