பேர்ளி நின்ற நாற்பத்தொரு நிமிடம்

புலம்பெயர்ந்து வந்த எங்கள் தமிழர் ஒன்றியத்தின் பொதுக்கூட்டங்களில் மணியடிக்கும் பொறுப்பு என்னுடையது. பேச்சாளர் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஒரு தட்டு, ஏழைத் தாண்டினால் இரண்டு. ஒன்பது ஆண்டுகளில் அந்த மணிக்காகப் பேச்சை நிறுத்தியவர் ஒருவரும் இல்லை. அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டு உற்சாகமடைந்தவர்கள் உண்டு.

2014 நவம்பர் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஒன்பதாவதாக இருந்தது: “சீ கொங் செயல்முறை, திருமதி பேர்ளி, பத்து நிமிடம்.” பத்தாவது, வாக்கெடுப்பு.

பேர்ளிக்கு ஐம்பத்திரண்டு வயது. புறநகரான சார்செலில் இருந்து வந்து, ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குபவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காதுக்குள் இருக்கும் சமநிலை நரம்பில் ஏதோ கோளாறு. விரிப்புகள் ஏற்றித் தள்ளிக்கொண்டு போன வண்டியோடு ஹோட்டல் தாழ்வாரத்தில் சரிந்தார். எழுந்து நின்றால் சுவர் சுற்றியது. வேலையிடத்து மருத்துவர் ‘இனாப்த்’ என்று எழுதப் பேனாவையே திறந்துவிட்டாராம், அதாவது வேலைக்குத் தகுதியில்லை. அந்த நேரத்தில்தான் மருத்துவமனை அவரை ஒரு வகுப்புக்கு அனுப்பியது. அதுதான் சீ கொங், தாவோ வழிவந்த சீனப் பயிற்சி. உடம்பு, மனம், உள்ளே ஓடும் சக்தி, மூன்றையும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமல் இருக்கப் பழக்குவது. ஆறு மாதத்தில் பேர்ளி மறுபடியும் கட்டில் விரித்தார்.

அதோடு நிற்கவில்லை. முதுகும் முழங்காலும் போன பதினொரு பெண்களை, ஹோட்டல்களிலும் சமையலறைகளிலும் இருந்து சேர்த்து, ஞாயிறு காலைகளில் எயோல் பூங்காவில் பழக்கினார். பனிக்காலம் வந்ததும் பூங்கா சரிவரவில்லை. ஞாயிறு எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை எங்கள் மண்டபத்தைக் கேட்டுக் கடிதம் எழுதினார். அதில் ஒரு வரி: “போன பனிக்காலம் மூன்று கிழமை பயிற்சியை விட்டேன், நான்காம் கிழமை படியில் விழுந்தேன். இன்னொருமுறை விழுந்தால் வேலை போய்விடும்.”

அந்த நேரத்தில் மண்டபத்தில் எலி மட்டும்தான் இருக்கும். ஆனாலும் தலைவர் இராஜேந்திரன் அண்ணைக்குக் கொள்கை இருந்தது.

“சீனன்ர சாமானுக்கு எங்கட மண்டபமோ?” என்றார் நிர்வாகக் கூட்டத்தில்.

“அண்ணை, உங்கட கடையில பாதிச் சாமான் சீனன்ரதானே,” என்றான் செயலாளர் ஐங்கரன்.

“அது வியாபாரம். இது பண்பாடு.” கொஞ்சம் யோசித்தார். “சரி, செய்து காட்டட்டும். சனம் கை தூக்கினால் குடுப்பம்.”

மண்டபம் முதலாம் மாடியில். யன்னலுக்கு நேரே, இரும்புப் பாலத்தின்மேல் இரண்டாம் இலக்க மெத்ரோ ஓடுகிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் கண்ணாடிகள் அதிரும், மேசையில் இருக்கும் பிளாஸ்டிக் குவளைகள் ஓர் அங்குலம் நகரும், மைக் முனகும்.

ஒன்பதாவது நிகழ்ச்சி வந்தது. “தங்கச்சி, மேடைக்கு வாங்கோ,” என்றார் தலைவர். “நான் ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு விடுறன்.”

பேர்ளி சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். மைக்கைப் பிடித்திருந்த தலைவரின் முதுகுக்குப் பின்னால், மேடையின் நடுவில், பாதங்களைத் தோளளவு அகற்றி வைத்தார். முழங்காலை இலேசாக மடக்கினார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, பெரிய மரமொன்றைக் கட்டிப்பிடிப்பதுபோல வளைத்தார். நின்றார்.

அதுதான் செயல்முறை என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் மேடைகளில் பெண்கள் தாம்பாளத்தையோ பொன்னாடையையோ ஏந்திக்கொண்டு பேச்சு முடியும்வரை பின்னால் காத்து நிற்பது வழக்கம். இவரும் அப்படித்தான் நிற்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கைகள் வெறுமையாக இருந்தது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தலைவர் இரண்டு வசனத்தைத் தொடங்கினார். சித்தர்களில் ஆரம்பித்து எட்டாவது நிமிடத்தில் காஞ்சிபுரத்தைக் கடந்து கப்பலேறினார். பன்னிரண்டாவது நிமிடத்தில் சீனாவில் இறங்கி, அங்கிருந்தவர்களுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார். நான் மணியைத் தட்டினேன். “நன்றி,” என்று சொல்லிவிட்டுத் தேநீரையும் தமிழன்தான் கண்டுபிடித்தான் என்றார். பிறகு உபதலைவரை ஒரு நிமிட வாழ்த்துரைக்கு அழைத்தார். அவர் ஒன்பது நிமிடம் வாழ்த்தினார். உடலையும் மனதையும் சமநிலையில் வைப்பது பற்றித் தானும் சில கருத்துகள் வைத்திருப்பதாகச் சொல்லித் தலைவர் மைக்கை மீண்டும் வாங்கிக்கொண்டார்.

அப்போது எனக்குப் பின்வரிசையில் சிவமணி, பேக்கரியில் மா பிசைபவர், பக்கத்து ஆளிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

“இஞ்சை பார், அந்த மனிசி வெறுங்கையோட என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது?”

நான் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பேர்ளியின் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் காற்சட்டையின் துணி அலைபோல அசைந்தது. நடுக்கம் மெல்ல ஏறி இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, கைகளுக்குப் போனது. சுண்டுவிரல் நுனியில் ஒரு வியர்வைத் துளி திரண்டு விழுந்தது. இப்போது விழப்போகிறார் என்று நினைத்து எழும்பப் போனேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். கண் மூடியிருந்த அந்த முகத்தில் வலியைப் பொறுக்கும் இறுக்கம் இல்லை. யாரோ வெகு தூரத்தில் இருந்து தாழ்ந்த குரலில் பேசுவதைக் கவனிப்பவரின் முகம்.

பிறகு நடுக்கம் நின்றது. அது குறைந்ததை நான் காணவில்லை. கொதித்த பாலை அடுப்பில் இருந்து இறக்கினால் எப்படி அடங்குமோ அப்படி, உடம்பு முழுவதும் ஒரேயடியாக அடங்கியது.

மறுபடி மணியடிக்கும் நேரம் எப்போதோ கடந்திருந்தது. கை எழவில்லை. அந்த நிற்பின்மேல் ஒரு சத்தத்தைப் போடுவதற்குக் கூச்சமாக இருந்தது.

பாலத்தில் ரயில் வந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன, குவளைகள் நகர்ந்தன, தலைவரின் கையில் இருந்த தாள்கள் படபடத்தன. பேர்ளி மட்டும் அசையவில்லை. ரயில் அவருடைய கைவளைவுக்குள் புகுந்து, ஒன்றும் செய்ய இயலாமல், மறுபக்கத்தால் வெளியேறியதுபோல இருந்தது. வாழ்நாள் முழுவதும் ஆட்களை நக்கலடித்தே காலம் தள்ளியவன் நான். இதற்கு ஒரு நக்கல் தேடினேன். அகப்படவில்லை.

முன்வரிசையைப் பார்த்தேன். தோள்கள் எல்லாம் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. அறுபது பேர் தங்களை அறியாமல் அவருடைய மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்கள். என்னுடையதும் அதில் ஒன்று என்று சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. அலைபேசியை நோண்டிக்கொண்டிருந்த பெடியள்கூட அதை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்பது தலைவருக்குக் கடைசியில் புரிந்தது. ‘ஆகவே’ என்ற சொல்லோடு நின்றார். எல்லோருடைய கண்களும் போகும் இடத்தைத் தேடித் திரும்பினார். இரண்டு அடி தூரத்தில் பேர்ளி. வளைந்த கைகளுக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் தலைவர் அங்கே யாரோ இருப்பதுபோல ஓர் அடி பின்வாங்கினார். மைக்கை அணைத்து, சத்தம் வராமல் மேசையில் வைத்தார்.

மண்டபத்தில் இதற்குமுன் நான் கேட்டிராத ஒன்று கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை.

பேர்ளி கைகளை மெல்ல இறக்கினார். உள்ளங்கைகளைத் தொப்புளின்மேல் வைத்தார். மூன்று மூச்சு. கண் திறந்தார். ஒருவரும் கைதட்டவில்லை. குத்துவிளக்குத் திரி பற்றியதற்கே கைதட்டும் சனம் நாங்கள்.

ஐங்கரன்தான் தொண்டையைச் செருமினான். “அக்கா, நாற்பத்தொரு நிமிசம். ஏன் இடையில நிப்பாட்டேல்லை?”

“வாங்கோ எண்டவர், வந்து தொடங்கினன். தொடங்கினால் இடையில உடைக்கிறேல்லை. அண்ணை முடிக்கட்டும் எண்டு நிண்டன்.”

“நோகேல்லையே?”

“நொந்தது. நோகிற இடத்திலயே போய் நிண்டன். பிறகு அது போயிட்டுது.” தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவருடைய குரல் இறங்கியது. “உண்மையாச் சொன்னால் தம்பி, பத்து நிமிசத்துக்கு மேல நான் ஒருநாளும் நிண்டதில்லை. ஆர் நிண்டது எண்டு எனக்கே தெரியேல்லை.”

ஐங்கரன் வாக்கெடுப்புக்கு வாய் திறக்கும் முன்பே கைகள் எழுந்துவிட்டன. எண்ணவில்லை. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்க வேண்டியவர் தலைவர். அவரும் கை தூக்கியபடிதான் நின்றார்.

அடுத்த ஞாயிறு எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்க நான் போனபோது கதவு திறந்திருந்தது. வெந்நீர்க் குழாய்கள் சூடேறும் ஓசை கேட்டது. பதினொரு பெண்களுக்குப் பின்னால், சுவரோரமாக, இராஜேந்திரன் அண்ணை காலுறையோடு நின்றார்.

“பிள்ளை, எனக்கு ஒரு கதிரை போடலாமோ?”

“இல்லை அண்ணை. நிக்கவேணும்.”

“ஓம்,” என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கைகளை வளைத்தோம். நான்காவது நிமிடத்தில் அவருடைய தொடை நடுங்கத் தொடங்கியது, பிறகு என்னுடையது. முன்னால் பேர்ளியின் முதுகு அசையாமல் இருந்தது. தலைவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு மூடிக்கொண்டார்.