ஆறு நொடி இடைவெளி

உலகம் சற்றே நின்று கவனிக்க வேண்டிய செய்தி: ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் ஒருவர் எழுபதாம் வயதில் லத்தீன் பெயர்ச்சொற்களின் நாலாம் வகுப்பை எட்டிப் பிடித்தார். பிடித்த சூட்டோடு இன்று மத்தியானம் செத்தும் போனார்.

கூடத்தில் கிடத்தியிருந்த அவர் காலருகே மகள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரியப்பா பேசிக்கொண்டிருந்தார். நாற்காலி கிடைக்காமல் நின்றவர்களும் தப்பவில்லை.

"கடைசி மூச்சு வரைக்கும் கல்வி! என் தம்பி சாதாரண ஆளா?"

"நம்ம பாஷையில வேற்றுமை எட்டு இருக்கு. அங்க ஆறுதானாம்," என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "ரெண்டு குறைச்சலா வாங்கத்தான் இந்த மனுஷன் இவ்ளோ பாடுபட்டாரு."

அவள் அழுவது அப்படித்தான்.

மணி ஐந்து. உள்ளறையிலிருந்து செத்தவர் கேட்டார்:

"கைக்கு?"

பெரியப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. ஆறு நொடி.

"தப்பு. மானுயி."

"ஃபோன்தான்," என்றாள் மகள். அப்பா தன் குரலைப் பதிந்துவைத்து, தினமும் ஐந்து மணிக்கு அலாரம்போல் ஒலிக்கவிட்டு, தனக்கே லத்தீன் பரீட்சை வைத்துக்கொள்வார். விடை சொல்ல ஆறு நொடி. தான் எப்படியும் கோட்டைவிடுவோம் என்பதில் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. எல்லா இடைவெளிக்குப் பின்னும் 'தப்பு' என்று முன்கூட்டியே பதிந்திருந்தார்.

"போய் நிறுத்தித் தொலைம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் பெரியப்பா.

நிறுத்தப் போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மேஜைமேல் ஃபோன் ஒளிர்ந்தது. காலையில் அப்பா, "இது என்னைத் திட்டிக்கிட்டே இருக்கு. இன்னிக்கு நீ கேளேன் கண்ணு," என்றார். "மாத்திரையப் போடுங்க, அப்புறம் பாக்கலாம்ப்பா," என்றாள். அந்த அப்புறம் வரவில்லை.

"கையின்?"

"மானுஸ்," என்றாள். சுவர் வழியே கேட்டுக் கேட்டே பாடமாகியிருந்தது.

"தப்பு. மானுஸ்."

"கையை?"

"மானும்."

"தப்பு. மானும்."

குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டே வருவதுபோல் இருந்தது.

"கையால்?"

அவள் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "காலையிலேயே உக்காந்து கேட்டிருக்கணும்ப்பா. மன்னிச்சிடுங்க."

ஆறு நொடி ஆயிற்று. அவர் பேசவில்லை. ஏழு. எட்டு. ஃபோனுக்குள் யாரோ மூச்சை இழுத்து, யோசித்து, விட்டார்கள். அவள் கண்ணைக்கூட மூடவில்லை.

"தப்பு," என்றார்.

பிறகு சரியான விடையையும் சொன்னார்: "மானூ, கண்ணு."