செம்பேன் தீர்ந்த பிறகு

திங்கட்கிழமை காலை வேட்டைப்பேன்கள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நாற்பது பேர். எல்லோருக்கும் ஆரஞ்சுச் சட்டை. ஆளுக்கொரு டிபன் பாக்ஸ், காலியாக.

ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பசுமைக்குடிலில் நான் வேலை பார்க்கிறேன். அந்த வருடமும் செடிகளில் செம்பேன் விழுந்திருந்தது. அது இலைக்கு அடியில் வலை பின்னிச் சாற்றை உறிஞ்சிவிடும். மருந்துக்குச் சாகவில்லை. அதனால்தான் மேஸ்திரி கெம்பராஜ் இவர்களை வரவழைத்திருந்தார். செம்பேனைத் தின்பது அவர்கள் வேலை. இடம் காட்டுவது என் வேலை.

குடிலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். நாங்கள் உள்ளே போனதும் இரண்டும் மூடிக்கொண்டன.

அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். சத்தமில்லை. சிந்தவில்லை. புதன்கிழமை ஒரு செம்பேன்கூட மிச்சமில்லை. ரோஜாக்கள் துளிர்த்தன. நான் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பாத்திகள் முன்பைவிட நீண்டிருந்தன. கதவுக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

கதவு திறக்கவில்லை. கெம்பராஜ் பாலித்தீன் சுவருக்கு வெளியே நின்றார். தீனி இல்லாவிட்டால் இவர்கள் செத்துப்போவார்கள், மறுபடி செம்பேன் வந்தால் யார் இருப்பார்கள் என்று கேட்டார். மூலையில் பீன்ஸ் செடி வைத்து, அதில் நானே செம்பேன் வளர்க்க வேண்டுமாம். முட்டை ஒட்டிய இலைகளைக் கதவு வழியாகக் கொடுத்தார்.

வளர்த்தேன். மூன்று வருடமாக விரட்டிய பூச்சிக்கு இலை இலையாக இடம் பார்த்துக் கொடுத்தேன். அவை குஞ்சு பொரித்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை நாற்பது பேரும் வரிசையில் நின்று அவற்றையும் தின்று முடித்தார்கள். கதவு வழியாக வந்துகொண்டிருந்த என் சோறும் அன்றோடு நின்றது.

சனிக்கிழமை, வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவர் என்னிடம் வந்தார்.

“சாப்பிட்டீங்களா?”

“இல்லீங்க.”

“நாங்களும் இல்ல.”

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

அப்போது கெம்பராஜ் கதவிடுக்கில் ஒரு படிவத்தை நீட்டினார். உள்ளே இருக்கும் எல்லோரும் நிரப்ப வேண்டுமாம். இரண்டே கட்டங்கள். தின்பவர். தின்னப்படுபவர்.

“நான் வேலைக்காரி, சார்.”

“அதுக்குக் கட்டம் இல்லம்மா.”

எதில் டிக் போட்டால் வெளியே விடுவீர்கள் என்று கேட்டேன். தின்பவர்களை விட முடியாது, செடிக்குக் காவல் அவர்கள்தான் என்றார். தின்னப்படுபவர்களையும் விட முடியாது, பக்கத்துத் தோட்டத்தில் பரவிவிடுவார்கள் என்றார்.

முதலாமவர் என் தோளுக்கு மேலாகப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தின்பவரில் டிக் போட்டேன். அவர் விலகிப் போனார். எனக்கும் ஒரு சட்டை வந்தது. அளவு சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் முனிராஜ் என்னைத் தேடி வந்தார். பாலித்தீனுக்கு அப்பால் அவர் உருவம் மங்கலாகத் தெரிந்தது. போய்விடுங்கள் என்று தட்டித் தட்டிச் சொன்னேன். அவருக்கு வாருங்கள் என்று கேட்டிருக்கும் போல. கெம்பராஜிடம் படிவம் வாங்கி, நின்றபடியே நிரப்பினார். வெளிக்கதவு மூடியது. உட்கதவு திறந்தது.

நாற்பது பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

“எதுல டிக் போட்டீங்க?” என்று கேட்டேன்.

“உன் கட்டத்துல இடமில்லையாம், நாகு. மத்ததுலதான் போடச் சொன்னாரு.”

நான் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். பின்பக்கமாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தேன். அது சூடாக இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.