இரண்டாவது பிரேக்

எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்க ஒரே வழிதான். மாடிப்படி நேராக என் வீட்டுக்காரரின் மருந்துக்கடைக்குள், கல்லாவுக்குப் பின்னால் வந்து முடியும். இப்படிக் கட்டிய மேஸ்திரி கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் போவதும் வருவதும் இவர் முதுகை உரசிக்கொண்டுதான். ஆனாலும் முன்பெல்லாம் அது ஒரு குறையாகப் பட்டதில்லை. காலையில் நான் இறங்கி வருவேன். அவர் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை நீட்டுவார். அதில் மாத்திரைகள் இருக்கும். வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

மாத்திரை என்று சொல்லக்கூடாது, கோபம் வரும் அவருக்கு. "வைட்டமின்" என்பார். மற்ற புருஷன்கள் பெண்டாட்டிக்கு நகை வாங்கிப் போட்டு அழகு பார்ப்பார்கள். இவர் எனக்கு வைட்டமின் போட்டு அழகு பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில் சப்புகிற மாத்திரை ஒன்று, எண்ணெய் நிரம்பிய குண்டு கேப்சூல் ஒன்று, ரத்தம் ஊறுவதற்கென்று குட்டி மஞ்சள் மாத்திரை ஒன்று. இது தவிர, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறவள் என்பதால் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் கேப்சூல். பி காம்ப்ளக்ஸ் மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாடைக்கே குமட்டியது. பாவம், சிரமப்படுகிறாளே என்று அவரே நிறுத்திவிட்டார்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இரண்டு பிரேக்கையும் அடியில் ஒரு கம்பி இணைக்கிறது. நான் அழுத்தினால் அவர்களுடையது இறங்கும், அவர்கள் அழுத்தினால் என்னுடையது இறங்கும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் என் வலது கால் அந்த பெடலின் மேல்தான் குடியிருந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எனக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. "அவ காலுக்குக் கண்ணு உண்டு" என்று எங்கள் முதலாளியம்மா புதிதாகச் சேருகிறவர்களிடம் அளப்பாள். எனக்கும் அந்தத் திமிர் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அந்தத் திமிர் ஒரு நாள் காலையில் இறங்கியது. பேங்க் அம்மா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு அதிகாரி அப்போது என்னிடம் பழகிக்கொண்டிருந்தாள். புறா குறுக்கே நடந்தாலும் பிரேக் போடுகிற ரகம். ஒரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "அக்கா, நானே பிரேக் போட்டுட்டேன் பாத்தீங்களா?" என்றாள் குழந்தை மாதிரி. நான் குனிந்து பார்த்தேன். என் கால் பெடலின் மேல்தான் இருந்தது. பெடல் அடிவரை இறங்கியிருந்தது. அது இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை.

"ரொம்ப நல்லா போட்டீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து என் காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். சாலையை ஒரு கண், காலை ஒரு கண். யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்படி எத்தனை நாளைக்குத் தள்ள முடியும்? ஒரு நாள் ஸ்கூல் முற்றத்தில் பேங்க் அம்மா பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தாள். நானும் என் பலத்தையெல்லாம் திரட்டி மிதித்தேன். என் கால் மிதித்தது பிரேக்கை அல்ல, பக்கத்திலிருந்த ரப்பர் பாயை. மதில் சுவரில் மோதி ஹெட்லைட் நொறுங்கியது. நல்லவேளை, பேங்க் அம்மாவின் மூக்கு வீங்கியதோடு போயிற்று.

முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கால் சரியானா உன் சீட் உனக்குத்தான். ஆகலேன்னா ஆபீஸ்ல உக்காந்து போன் எடு. வேற என்ன பண்ணட்டும், சொல்லு?" என்றாள்.

வீட்டில் என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய சிநேகிதரான டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தார். "ரத்தம் சும்மா சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு. உங்களுக்கு உடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் டென்ஷன்" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் முகத்தில் என்ன பெருமை! எல்லாம் அவர் கொடுத்த மஞ்சள் மாத்திரையின் மகிமை அல்லவா? இரண்டு வருஷத்துக்கு முன்பு வெளிறிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளை அந்த மாத்திரையைக் கொடுத்துத்தானே தேற்றி எடுத்தார்?

ரத்தம் நன்றாக இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குப் பூட்டு. கால் மரத்துப்போகிறது என்றேன். ரத்தம் நன்றாக இருக்கிறதே என்றார்கள். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது என்றேன். டென்ஷன் என்றார்கள். டென்ஷன் இல்லை என்று கத்தினேன். பார்த்தாயா, இதுதான் டென்ஷன் என்றார்கள்.

ஒரு நாள் குளிக்கும்போது முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். அடுத்த கணம் தரையில் கிடந்தேன். மயக்கமும் இல்லை, வழுக்கலும் இல்லை. கண்ணை மூடியதும் என் கால்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. ஓடி வந்த வீட்டுக்காரர் துண்டைச் சுற்றித் தூக்கிவிட்டார். சாயங்காலமே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். வெளியே போய் எங்காவது மோதிவிடுவேன் என்று என் வண்டிச் சாவியையும் கல்லாப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

இறங்கிப் போகலாம் என்றால் அவர் முதுகு நிற்கிறது.

"எங்க கிளம்பிட்ட?"

"சும்மா, தெருமுனை வரைக்கும்."

"தனியா வேணாம். இரு, இவங்களுக்கு சிரப் குடுத்துட்டு நானும் வரேன்."

சிரப்புக்குப் பின்னால் ஒரு பேண்டேஜ், பேண்டேஜுக்குப் பின்னால் ஒரு தலைவலி. ஊரில் எவனுக்காவது எதாவது வலித்துக்கொண்டேதான் இருக்கும். நான் கல்லாவுக்குப் பின்னால் கட்டிப்போட்டவள் மாதிரி நிற்பேன். வருகிறவர்களெல்லாம் "உடம்பு இப்போ தேவலையாக்கா?" என்று என்னைக் கேட்பார்கள். எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார் மனிதர். ஒரு நாள் பொறுக்காமல், "நான் என்ன கடையில வெச்சிருக்கிற பொம்மையா? வழி விடுங்க!" என்று கத்திவிட்டேன். அவர் வாடிக்கையாளர்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் டென்ஷன்" என்றார். அப்புறம் என் பக்கம் உள்ளங்கையை நீட்டினார்.

வாங்கி விழுங்கிவிட்டு மேலே போய் அழுதேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஜன்னலுக்குக் கீழேதான் பயிற்சிக் கார் போகும். என் சீட்டில் புதிதாக ஒருவன். எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் பிரேக் போடுகிறான். மேலே உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் என் கால் தரையை அழுத்தும். அழுத்துகிறதா என்பதைக்கூடக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மத்தியானம் அவர் கடைவாசலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று படியிறங்கினேன். எங்கள் படிக்கட்டு பகலிலும் இருட்டு. பாதி வழியில் பல்பு அணைந்தது. அவ்வளவுதான், எனக்குக் கால் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. உருண்டு வந்து கண்ணாடி அலமாரியில் மோதினேன். இருமல் மருந்து பாட்டில்கள் உடைந்து என் மேலெல்லாம் பிசுபிசுத்தது. ஓடிவந்த அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் முதல் தடவையாக டென்ஷன் என்ற வார்த்தை இல்லை. பயம் இருந்தது.

மறுநாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டெஸ்ட் எடுப்பார்கள் என்று வெறும் வயிற்றோடு கூட்டிப்போனார். நரம்பு டாக்டர் ஒரு பெண்மணி, சிரிக்காத ரகம். இரண்டு பல் வைத்த ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

"அதிருதா?"

"எது?" என்றேன்.

கண்ணை மூடச் சொல்லி என் கட்டைவிரலை அசைத்தார். "மேலயா, கீழயா?" மேலே என்றேன். கீழே என்றேன். எதையோ சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டதை வைத்துத்தான் தப்பு என்று தெரிந்தது. காலுக்குக் கண் உண்டு என்று பேர் வாங்கியவள் நான். காலைச் சேர்த்து வைத்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மரம் மாதிரி சாய்ந்தேன். என் வீட்டுக்காரர்தான் பிடித்துக்கொண்டார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றோம் இருவரும் ஒரே குரலில். அவர் இன்னும் ஒரு படி மேலே போய், "மெடிக்கல் ஷாப்பே வெச்சிருக்கேன் டாக்டர். ஆனா தேவையில்லாம ஒரு மாத்திரையக்கூட இவளைத் தொட விடமாட்டேன்" என்றார். பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

ரத்தம் எடுத்து முடித்ததும் சாப்பிடலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் உடனே சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் கையில் கவிழ்த்தார். கேஸ் கேப்சூல், மஞ்சள், ஆரஞ்சு, குண்டு.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"இதுவா? இது வைட்டமின்தானே டாக்டர்."

டாக்டர் என் கையிலிருந்ததை மேஜைமேல் பரப்பினார். ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக் கேட்டார். எது எது, எத்தனை வருஷமாக, எதற்காக. மஞ்சளிடம் வந்ததும் விரல் நின்றது.

"சாப்பாட்டுல இருக்கிற பி டுவெல்வ் தனியா பிரிஞ்சு வரணும்னா வயித்துல அமிலம் வேணும். அதை நீங்க வருஷக்கணக்கா இந்த கேஸ் கேப்சூலைப் போட்டு அடக்கி வெச்சிருக்கீங்க. பி டுவெல்வ் குறைஞ்சா பெரும்பாலும் ரத்தத்துலதான் முதல்ல தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி வெளிறிப் போனாங்கன்னு சொன்னீங்களே, அது அதுவாத்தான் இருக்கணும். நீங்க இந்த மஞ்சள் மாத்திரையை, ஃபோலிக் ஆசிட்டைக் குடுத்தீங்க. ரத்தம் சரியாயிடுச்சு. ஆனா நரம்புக்கு அது உதவாது. மேல எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி காட்டிக்கிட்டு, உள்ள நரம்பு அது பாட்டுக்கு அழிஞ்சுக்கிட்டே வந்திருக்கு."

"வைட்டமின்தானே..." என்றார் என் வீட்டுக்காரர் மறுபடியும்.

"திரும்ப வருமா டாக்டர்? எனக்கு பிரேக் போடணும்" என்றேன்.

"வரலாம். பாதி வரலாம். ரொம்ப நாளானதால உறுதியா சொல்ல முடியாது. ஊசி இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

சாயங்காலம் வந்த ரிசல்ட்டும் அதையே சொன்னது. திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது அவர், "அந்த ஊசி நம்ம கடையிலயே இருக்கு" என்றார். இருந்தது. படியிறங்கினால் முதலில் கண்ணில் படுகிற தட்டில், என் தோள் உயரத்தில்.

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த மனிதர் ஒரேயடியாக ஒடுங்கிப்போனார். இருமல் மிட்டாய் கேட்டு வருகிறவர்களிடம்கூட, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கால்மணி நேரம் விசாரித்தார். சாவியைக் கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்து என் தலையணை அருகே வைத்துவிட்டார். என்ன பிரயோஜனம்? பூட்டு இப்போது என் காலில் இருந்தது.

ஊசி போட ஆரம்பித்த பிறகு, லீவு நாளில் முதலாளியம்மாவிடம் கேட்டு, முற்றத்தில் நின்ற பயிற்சிக் காரில் போய் உட்கார்ந்தேன். ஓட்டத் தெரியாத என் வீட்டுக்காரரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தேன்.

"நான் கண்ணை மூடிக்கிறேன். நீங்க உங்க இஷ்டத்துக்கு பிரேக்கை அழுத்துங்க. என் கால் கீழ போனா 'இப்ப'ன்னு சொல்றேன்."

முதல் நாள் அவர் அழுத்தி அழுத்திக் களைத்துப்போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தடுத்த லீவு நாள்களிலும் அப்படியே. பிறகு ஒரு நாள், வரிசையாகச் சரியாகச் சொன்னேன். இப்ப. இப்ப. இப்ப. பூரித்துப்போய் நாலாவதும் சொன்னபோதுதான் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் அழுத்துவதற்கு முன்னால் மனிதர் லேசாகத் தொண்டையைச் செருமுகிறார்.

"இறங்குங்க வண்டிய விட்டு!" என்றேன். "மறுபடியும் எனக்குத் தெரியாம எனக்கு நல்லது பண்றீங்க, இல்ல?"

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "நீ தோத்துப்போறத என்னால பாக்க முடியலடி."

"பாருங்க. அதைத்தான் நீங்க பாக்கணும்."

அதற்குப் பிறகு அவர் செருமவில்லை. நான் தோற்றேன், அவர் பார்த்தார். ஊசிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் பாதமெல்லாம் எறும்பு ஊறி எரிய ஆரம்பித்தது. எரிகிறதே என்று நான் சிரித்ததைப் பார்த்து, எனக்கு நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தார்.

மழை வரப்போகிற ஒரு லீவு நாளில் மறுபடியும் முற்றத்தில் உட்கார்ந்தோம். எதிரே நான் இடித்த மதில். கண்ணை மூடினேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, கால் பெருவிரலுக்குக் கீழே, என்னவோ ஒன்று.

"இப்ப" என்றேன்.

"நான் அழுத்தலையே" என்றார்.

அவ்வளவுதான், இனி போன் எடுக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"காலை சும்மா மேல வெச்சேன்" என்றார் மெதுவாக. "இன்னும் அழுத்தல."

நான் கண்ணைத் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "எடுத்துட்டீங்க" என்றேன். எடுத்திருந்தார். "வெச்சிட்டீங்க" என்றேன். வைத்திருந்தார். அவர் அழுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது சாடை இல்லை.

கண்ணைத் திறந்து, "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

"நானா? எனக்கு ஓட்டத் தெரியாதே. சுவரு இருக்கு பாரு!"

"கிளட்சை மிதிங்க. கியரைப் போடுங்க. மெதுவா விடுங்க."

மெதுவாக விடுகிற ஆளா அவர்? வண்டி கனைத்துக்கொண்டு மதிலைப் பார்த்துப் பாய்ந்தது. "ஐயோ!" என்று இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். நான் குனிந்து பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தேன். பெடல் என் காலடியில் கெட்டியாக, நிஜமாக இறங்கியது. பழைய கீறலுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்று அணைந்தது.

அவர் இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்கு. நான் இறங்கிடட்டுமா?"

"வேணாம்" என்றேன். "பிரேக் எங்கிட்ட இருக்கு. திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க."