சுவரைப் பார்த்திருந்த வண்டு

மயில் தோகை விரித்து ஆடியபோது காட்டு விலங்குகளெல்லாம் அதன் முன்னால் கூடி நின்றன. பின்புறப் புதரில் இருந்த சிட்டுக்குருவி மட்டும், "அந்தத் தோகையைத் தாங்கி நிற்பவை பழுப்பு இறகுகள்" என்றது. "மயிலுக்கு ஏது பழுப்பு இறகு?" என்று கேட்டு, குருவியைப் பொய்க்காரி என்று தீர்ப்பளித்துவிட்டது அந்தக் கூட்டம். கேத்திப் பள்ளத்தாக்கின் மேலிருக்கும் எங்கள் சிற்றாலயத்தில் தபித்தாளுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான்.

எங்கள் ஆலயப் பீடத்தில் ஒரு பீங்கான் பூச்சாடி உண்டு. ஜெர்மனியில் செய்தது, வயது இருநூற்றைம்பதுக்குக் குறையாது. எஸ்டேட் துரைசாணி ஒருத்தி ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. பால் வெண்மையான உடல், பொன் விளிம்பு, நடுவே விரிந்த ஒரு ரோஜா. ரோஜா சபையைப் பார்க்க வேண்டும், முதுகு சுவரைப் பார்க்க வேண்டும் என்பது அன்றுமுதல் வழக்கம். அதைக் கழுவுவதும் பூ வைப்பதும் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தபித்தாள் ஒருத்திதான். உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் வேறு எவரும் அதைத் தொட்டதில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய நாள், சாடியைப் பார்வையிடச் சென்னையிலிருந்து பாலசுப்பிரமணியம் வந்தார். பழைய பீங்கான்களை ஆராய்பவர். ஆலயத்தின் பக்க அறையில் சாடியை மேசைமேல் வைத்து மெல்லத் திருப்பினார். முதுகில் விரற்கடை நீளத்தில் ஒரு பச்சை வண்டு. அதன் அடியில் மயிரிழை போன்ற விரிசல் தடம்.

சபைச் செயலர் பிரைட்டன் குனிந்து பார்த்தார்.

"நாப்பது வருசமா முன் பெஞ்சுல உக்காந்து பாக்கறனுங்க. இதுல வண்டும் இல்ல, கிண்டும் இல்ல."

"நீங்க பாத்தது ரோஜாப் பக்கமுங்க," என்றாள் தபித்தாள். "சுவத்துப் பக்கம் நாந்தானுங்க பாத்திருக்கேன். வண்டு எப்பவும் அங்கதான் இருக்குது."

"கீழ போட்டுட்டு, குன்னூர்ல ஆளைப் புடிச்சு வரைஞ்சு மறைச்சிட்டீங்களாக்கும்."

"அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா வண்டு எதுக்குங்க? இன்னொரு ரோஜாவே போடச் சொல்லியிருப்பேன்."

போதகர் தனசிங் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

பாலசுப்பிரமணியம் நிதானமாகச் சொன்னார்: "சூளையிலேயே விரிசல் விழுந்தால், அக்கால ஓவியர்கள் அதன்மேல் பூச்சியோ இலையோ வரைந்து மறைப்பதுண்டு. பின்னாளில் உடைத்தவர்களும் அதே தந்திரத்தைச் செய்வதுண்டு. இது எந்த வகை என்பதைச் சோதனைச் சாலையில்தான் சொல்ல முடியும். மூன்று மாதம் ஆகலாம்."

"அதுவரைக்கும் தபித்தாளக்கா இதைத் தொட வேண்டாம்," என்றார் பிரைட்டன். "நாளைக்கு வேற ஆளு பூ வைக்கட்டும்."

பண்டிகைக்குப் பள்ளத்தாக்கே கேரட்டும் முட்டைக்கோசுமாக வந்து நிறையும். பீடத்தில் வேறொருத்தி பூ வைத்தால் அதைத் தீர்ப்பென்றே ஊர் எடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து வரும் கடிதத்தை எவர் படிக்கப் போகிறார்? தபித்தாளின் முகம் கறுத்தது. ஆனால் அவள் அழவில்லை. பிரைட்டன் குடித்து முடித்துக் கையில் வைத்திருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தக் கோப்பை எப்ப விரிசல் விட்டதுங்க?"

"போன வாரம். அதுக்கென்ன இப்ப?"

"உள்ள பாருங்க."

கோப்பையின் உட்புறத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு ஓடியது. தேயிலை நாட்டில் பிறந்த எவருக்கும் தெரிந்த செய்திதான்: விரிசல் தேநீர் குடிக்கும், குடித்தது வெளுக்காது. தபித்தாள் வல்லுநரிடம் திரும்பினாள்.

"சூளையில விழுந்த விரிசலுக்கு மேல கண்ணாடிப் பூச்சு இருக்குமுங்களா?"

"இருக்கும். பூச்சு உருகி விரிசலை மூடியிருக்கும்."

"அப்ப அது டீ குடிக்காதுங்களே."

பாலசுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை முதன்முறையாக நேராகப் பார்த்தார். "ஆறிய தேநீரென்றால் சாடிக்குக் கெடுதல் இல்லை," என்றார்.

தபித்தாள் பால் சேர்க்காமல், மை போலத் தேநீர் வடித்தாள். ஆறவைத்துச் சாடியில் கழுத்துவரை ஊற்றினாள். போதகரின் அலமாரியிலிருந்து, அன்று காலைதான் விரிசல் கண்ட ஒரு புதுக் கோப்பையை எடுத்து அதிலும் ஊற்றி, பக்கத்தில் வைத்தாள். ஒரு மணி நேரம் எவரும் வெளியே போகவில்லை. பிரைட்டன் மூன்று முறை கடிகாரம் பார்த்தார்.

முதலில் கோப்பையைக் கொட்டிக் கழுவினாள். விரிசல் பழுப்பாகத் தெரிந்தது. பிறகு சாடி. பாலசுப்பிரமணியம் அதன் வாய்க்குள் விளக்கைக் காட்டி, நெடுநேரம் பார்த்தார்.

"வெள்ளை," என்றார். "தடம் தெரிகிறது, ஒரு துளிக் கறையும் இல்லை. பூச்சு முழுமையாக மூடியிருக்கிறது. இந்த வண்டு சாடியோடு பிறந்ததம்மா. சோதனைச் சாலைக்கு வேலையே வைக்கவில்லை நீங்கள்."

பிரைட்டன் தாமே விளக்கை வாங்கிப் பார்த்தார். கண்டதை மறுக்கும் மனிதர் அல்லர் அவர்.

"தப்பு எம்பேர்லதானுங்கக்கா. நாளைக்குச் சபையிலயும் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. மைக்குல சொல்லுங்க," என்றாள் தபித்தாள்.

மறுநாள் அவர் அப்படியே சொன்னார். பெஞ்சுகளுக்கு இடையே, வெள்ளை லில்லிகள் நிறைந்த சாடியை மார்போடு அணைத்தபடி தபித்தாள் நடந்துவந்தாள். பின்வரிசையில் யாரோ எழுந்தார்கள்; பிறகு ஆலயமே எழுந்து நின்றது. அவள் சாடியைப் பீடத்தில் வைத்து, ரோஜாவைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். சபையைப் பார்த்தபடி பச்சை வண்டு வெயிலில் மின்னியது.

"ஏனுங்க செக்ரட்டரி, அங்கிருந்து தெரியுதுங்களா?"

"ஆறு காலும் தெரியுதுங்கக்கா," என்றார் முன் பெஞ்சிலிருந்து பிரைட்டன்.

சிரிப்பு அடங்கும் முன்பே பாடகர் குழு முதல் பாட்டை எடுத்துவிட்டது. அன்று எல்லாரையும்விட உரக்கப் பாடியவள் தபித்தாள்தான்.