பனி டயர்

பாமா மூன்றாவது சக்கரத்தின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது, சங்கத் தலைவர் தனசேகரன் தம் இரங்கல் உரையின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கினார். அவள் நிமிரவில்லை. விடியற்காலையில் மாரடைப்பில் போன அப்பா தங்கவேலு, வீட்டுக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே கிடந்தார். மூன்று மணிக்குள் சுடுகாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தவறினால், தண்ணீர்த் திருவிழா முடிந்து சுடுகாடு மறுபடி திறக்க நான்கு நாள். யாங்கோனின் சித்திரை வெயிலில் ஐஸ் அத்தனை விசுவாசம் காட்டாது.

அமரர் ஊர்தி ஓட்டுநர்கள் திருவிழாவுக்கு ஊர் போய்விட்டார்கள். அப்பா போன மாதம் வாங்கிய வேன் வாசலில் செங்கல்மேல் நின்றது. டயர் மாற்றக் கழற்றிக் கொடுத்த அதன் சக்கரங்கள் தாமுவே பேட்டையில், திருவிழாவுக்குப் பூட்டிய கடைக்குள் இருந்தன. மிச்சம், பழைய வேனோடு ஜப்பானிலிருந்து வந்த பனிக்காலச் சக்கரங்கள். பனியிலேயே வழுக்காதது மழையிலா வழுக்கும் என்று பதினோரு வருஷம் பீற்றிக்கொண்டு, ஒரு மழைக்கும் மாட்டாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார் மனிதர். பனியை அவர் ஃப்ரிட்ஜுக்குள் பார்த்ததோடு சரி.

துளைகள் பொருந்தின. நான்கிலும் காற்றடித்து, கேஜ் வைத்து அளந்து, பாமா எஞ்சினைக் கிளப்பினாள். டாஷ்போர்டில் டயர் காற்றைக் காட்டும் மஞ்சள் விளக்கு ஒரு நிமிஷம் மினுக்கிவிட்டு நின்று எரிந்தது.

தலைவர் உரையை மடித்தார். "வண்டியே காத்து சரியில்லங்குது. சகுனமும் நல்லால்லம்மா."

"சக்கரத்துக்குள்ள இருக்கிறது பழைய சென்சார், மாமா. புது வண்டிக்கு அத அடையாளம் தெரியல. காத்து நிக்குது, அளந்துட்டேன்."

அவர் சாஸ்திரத்துக்குத் தாவினார். தம் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய நாள் முதல் ஒரு பெண்ணும் சுடுகாட்டுக்கு வந்ததில்லை என்றார். சுற்றி நின்ற ஆண்கள் தலையாட்டினார்கள்.

பாமா சாவியை நீட்டினாள். "சரி மாமா. நீங்க ஓட்டுங்க."

பின்சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்தறியாத தலைவர் சாவியைப் பார்த்தார். மற்றவர்கள் மஞ்சள் விளக்கைப் பார்த்தார்கள்.

அம்மா வாசலுக்கு வந்தாள். "அவளே ஓட்டட்டும்," என்றாள். பிறகு மகளிடம், "ரொம்ப மெதுவாப் போகாத. அவருக்குப் பிடிக்காது."

இரண்டே காலுக்குப் புறப்பட்டார்கள். தலைவர் பின்னால், அப்பாவின் கால்மாட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெத்தென்ற ரப்பர் சூடான தார்ச்சாலையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

திருப்பத்தில் திருவிழாப் பந்தல். போகிற வண்டிகளையெல்லாம் குழாயால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். பாமா கண்ணாடியை ஏற்றி வைப்பரைப் போட்டாள். முன்னால் தொங்கிய மாலையை ஒரு பெண் கண்டாள். குழாயைத் தரைக்குத் திருப்பினாள். பக்கத்திலிருந்தவளும் திருப்பினாள். வண்டி கடக்கும்வரை அப்படியே நின்றார்கள்.

காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டது.

"அத நிறுத்தும்மா," என்றார் தலைவர், மெதுவாக.

சுடுகாட்டு வாசல் திறந்திருந்தது. பத்து நிமிஷம் மிச்சம். பாமா எஞ்சினை அணைத்தாள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றது.