வரிசைக்கு ஒரு பிடித்த வரி

போன வருஷம் கற்பித்தல் பயிற்சித் தேர்வில் மிஸ்ரியா கோட்டை விட்டாள். நான்கு வருஷ பி.ஏ.பி.எட். படிப்பில் இலக்கியத் தாள் எல்லாவற்றிலும் முதல் வகுப்பு வாங்கியவள்தான். பள்ளிக்கூடத்தில் நின்று ஒரு பாட்டை நடத்திக் காட்டச் சொன்னபோதுதான் வினை வந்தது. பாட்டை ஒழுங்காகவே நடத்தினாள். "இதுல உங்களுக்குப் பிடிச்ச வரி எது?" என்று கேட்டாள். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. அவளே திரும்பத் திரும்பக் கேட்டு, அவளே பதிலையும் சொல்லி, வியர்த்து விறுவிறுத்துப் போனாள். தேர்வாளர் 'மாணவர் பங்கேற்பு இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கி வேலைக்குப் போனார்கள். இவள் மந்தாரக்குப்பத்தில் அத்தாவின் செருப்புக் கடையில் உட்கார்ந்து, சுரங்கத்துக்குப் போகிறவர்களுக்கு பூட்ஸ் சைஸ் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை. ஆசிரியை ஆவதைத் தவிர அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. இந்த முறையும் போனால் அந்த ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அவளுக்கே தெரியும்.

அதனால் இந்த முறை உஷாராக இருந்தாள். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நகரியத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். தேர்வுக்குரிய பாட்டை முன்கூட்டியே நடத்தி, பிள்ளைகளைத் தயார் செய்தாள். பயிற்சிக்குப் போகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவே. கூடவே சீனியர் ஒருத்தி சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்றும் கைவசம் இருந்தது. பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையைத் தூக்க வேண்டும். பார்க்கிறவருக்கு வகுப்பு முழுக்கக் கை தூக்கியது போல இருக்கும். டீச்சர் வலது கைக்காரர்களை மட்டும் எழுப்பினால் போதும்.

அதோடு விட்டாளா? பிடித்த வரியையும் பங்கு போட்டுக் கொடுத்தாள். முதல் வரிசைக்கு முதல் வரி பிடிக்கும், மோனை நயத்துக்காக. மூன்றாம் வரிசைக்கு மூன்றாம் வரி பிடிக்கும், விடியலை மனிதனாகச் சொன்ன அணி நயத்துக்காக. பரீட்சையில் நயம் பாராட்டச் சொன்னால் எந்தப் பாட்டுக்கும் இதே தலைப்புகளை எழுதித்தான் அவளும் மார்க் வாங்கியிருந்தாள். ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்காக வரிசை நின்றிருக்காது.

பாட்டு சின்னதுதான்.

விடிய விடிய உழைத்தவன்
வீடு திரும்பும் பாதையில்
விடியல் எதிரே வருகிறது
வணக்கம் சொல்லிப் போகிறது

தேர்வன்று வெளியூர்க் கல்லூரியிலிருந்து பேராசிரியை கமலா தேர்வாளராக வந்தார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாடத்திட்டத் தாளை மடியில் வைத்து உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மிஸ்ரியா பாடினாள், பொருள் சொன்னாள், திரண்ட கருத்தைக் கரும்பலகையில் எழுதினாள். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. "சரி, உங்களுக்குப் பிடிச்ச வரி எது?" என்றாள். வகுப்பே கையைத் தூக்கியது. போன வருஷத்து அவமானம் அந்த நிமிஷமே தீர்ந்துவிட்டதாக அவளுக்கு நிம்மதி வந்தது.

"ஒரு நிமிஷம்மா," என்றார் கமலா பின்னாலிருந்து. "அந்தப் பொண்ணு ஏன் ரெண்டு கையையும் தூக்கியிருக்கு?"

மூன்றாம் வரிசைக் காயத்ரி. எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்கிற பெண். எழுந்து நின்றாள்.

"தெரிஞ்சா வலது கை, தெரியலன்னா இடது கை மேடம். எனக்குப் புடிச்ச வரி மூணாவது. அது தெரியும், மிஸ் சொல்லிக் குடுத்துட்டாங்க. அது ஏன் எனக்குப் புடிக்குதுன்னுதான் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்கும் விபரீதம் புரிந்துவிட்டது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மிஸ்ரியாவுக்குக் காது மடல் சுட்டது. கடையும் பூட்ஸ் அட்டைப்பெட்டிகளும் கண் முன்னால் வந்து போயின. பாடத்திட்டத்தில் அடுத்தது மோனை நயம். சாக்பீஸை எடுத்து 'மோ' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

திரும்பிப் பார்த்தாள். காயத்ரி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தில் குறும்பு இல்லை, நிஜமான குழப்பம்தான் இருந்தது. அவள் மேல் கோபம் வரும் என்று மிஸ்ரியா எதிர்பார்த்தாள். வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

"எனக்கும் தெரியல காயத்ரி," என்றாள். எழுதியதை அழித்தாள். "நான் சொல்லிக் குடுத்தத எல்லாரும் விட்டுடுங்க. வலது கை இனிமே வேணாம். மறுபடியும் படிக்கிறேன். மனசுல நெசமா ஏதாவது பட்டுச்சுன்னா இடது கையத் தூக்குங்க. படலன்னா சும்மா இருங்க. தப்பில்ல."

மெதுவாகப் படித்தாள். முடிந்ததும் போன வருஷம் போலவே மௌனம். மின்விசிறி மட்டும் கடகடத்தது. போன வருஷம் இந்த மௌனத்துக்குப் பயந்துதான் அவளே பேசித் தொலைத்தாள். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். போவது போகட்டும் என்ற துணிச்சல் எங்கிருந்தோ வந்திருந்தது.

காயத்ரியின் இடது கை எழுந்தது.

"எங்கப்பாவுக்கு மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேல மிஸ். நைட் ஷிஃப்ட் முடிச்சி சைக்கிள்ல வந்துகினு இருப்பாரு. நான் ஸ்கூல் பஸ்ஸுக்குப் போயிகினு இருப்பேன். ரோட்லயே டாட்டா காட்டிட்டுப் போயிடுவேன். சாயங்காலம் நான் வூட்டுக்கு வந்தா தூங்கிகினு இருப்பாரு. நைட் ஷிஃப்ட் வாரம் முழுக்க அவரப் பாக்குறது அந்த ரோட்லதான்." கொஞ்சம் யோசித்தாள். "பாட்டுல வர்ற விடியல் நான்தான் போலக்குது மிஸ்."

மிஸ்ரியா நாலு வருஷம் படித்ததில் இந்த ஒரு வாக்கியத்துக்கு எந்தத் தலைப்பும் இல்லை. "ஆமா," என்றாள். அதற்குள் இன்னும் சில இடது கைகள். ஒருத்தன் வீட்டில் அப்பா தூங்கும்போது குக்கர் விசில் அடிக்காமல் அம்மா அதைக் கரண்டியால் தூக்கிப் பிடிப்பாராம். இன்னொருத்தி வீட்டில் பகலெல்லாம் மிக்சி போடக் கூடாதாம். மணி அடிக்கிறவரை ஓயவில்லை. மோனையும் எதுகையும் கரும்பலகைக்கு வரவேயில்லை.

கமலா எழுந்து முன்னால் வந்தார்.

"பிளான்ல எழுதினதுல பாதிகூட நடத்தலையேம்மா."

"ஆமாங்க மேடம்."

"எத்தனை தடவை ஒத்திகை பார்த்தே?"

பொய் சொல்லலாம். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. "மூணு தடவைங்க மேடம்."

கமலா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இந்தப் பாட்டு நெசமாவே பிடிச்சவங்க மட்டும் கையைத் தூக்குங்க."

இடது கைகள் எழுந்தன. மிஸ்ரியா அவசரமாகப் பார்த்தாள். வகுப்பில் பாதிக்கு மேல் இருக்கும். ஆனால் மூன்றாம் வரிசையில் காயத்ரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ அவ்வளவு பேசினியே, உனக்குப் பிடிக்கலையா?" என்றார் கமலா.

"புரியுது மேடம். புடிக்கல," என்றாள் காயத்ரி. "வணக்கம் சொல்லிட்டுப் போயிடுது. நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டுப் போனா என்னவாம்?"

கமலா மேஜை மேல் தாளை வைத்து எழுதினார். பாடத்திட்டத்தைப் பின்பற்றியதற்கான மார்க்கில் பெரிதாகக் கை வைத்தார். மிஸ்ரியா எட்டிப் பார்த்தாள். அடுத்து 'மாணவர் பங்கேற்பு' என்ற இடத்தில் முழு மார்க்கையும் போட்டு, கீழே 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மிஸ்ரியா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதே, பிள்ளைங்க பாக்குது," என்றார் கமலா, பேனாவை மூடியபடி. "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்தப் பொண்ணும் கையைத் தூக்கியிருந்தா, இதுவும் ஒத்திகைதான்னு உனக்கு நான் ஃபெயில்தான் போட்டிருப்பேன்."